பேச்சுத் துணை

இமை விழுந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விழுந்தது. சிமிட்டல் வேறு, இது வேறு. சிமிட்டினால் இமை தொட்டதும் துள்ளி எழும். இது தொட்டது, அங்கேயே உட்கார்ந்தது, மனசில்லாமல் எழுந்தது. அதற்குள் என் வலது கால் தரையை அழுத்திவிட்டது. அங்கே பிரேக் கிடையாது. ரப்பர் பாய்தான். பஸ் ஓட்டி ரிட்டையராகி எவ்வளவோ காலமாச்சு, இந்தக் காலுக்கு மட்டும் இன்னும் சேதி போய்ச் சேரவில்லை. எனக்கு இடப்பக்கம் கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் ஒரு முழம் மண். அப்புறம் ஒன்றுமில்லை. வெகு கீழே ஆறு, பச்சையாக, சத்தம் மேலே வராமல். டோன்ஸ் என்று காலையில் ரமேஷ் சொன்னான். பேர் தெரிந்து என்ன ஆகப்போகிறது. விழுந்தால் எல்லா ஆறும் ஒன்றுதான். ரமேஷ் என் மகன். டேராடூனில் உத்தியோகம். அப்பா அம்மாவுக்கு மலை காட்டுகிறேன் என்று லீவு போட்டு வண்டி பிடித்திருக்கிறான். பொள்ளாச்சிக்கும் வால்பாறைக்கும் ஆயுசு முழுக்க ஏறி இறங்கினவனுக்கு மலை காட்டுகிறான். சொல்லவில்லை. நாச்சம்மாளுக்கு ஆசை, பனி பார்க்க வேண்டுமாம். இதுவரை பார்த்தது தூரத்தில் வெள்ளையாக ஒரு கோடு. அதற்கே பக்கத்து வீட்டுக்காரிக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டாள். இப்போது இரண்டு பேரும் பின் சீட்டில். ரமேஷுக்கு வளைவு என்றால் குமட்டும், பஸ் டிரைவர் பெற்ற பிள்ளைக்கு. மாத்திரை போட்டுக்கொண்டான், போட்டால் அடித்துப் போட்ட மாதிரி தூங்குவான். நாச்சம்மாளும் சாய்ந்தாயிற்று. இரண்டு குறட்டை கேட்கிறது. ஒன்று கனம், ஒன்று மெலிசு. முன்னால் நானும் இந்த டிரைவர் குந்தன் சிங்கும். பின்னால் தூங்குகிறவர்கள் தூங்கலாம். ஸ்டியரிங் பிடித்தவன் தூங்குகிறான்.

மத்தியானச் சோறு. அதுதான் எமன். ராத்திரி டூட்டிக்குத்தான் ஊரெல்லாம் பயப்படும், டிரைவருக்குத் தெரியும் ராத்திரியில் பயமே முழிக்க வைக்குமென்று. மத்தியானம் அப்படியில்லை. சோறு உள்ளே போயிருக்கும், வெயில் கண்ணாடி வழியாக வந்து மடியில் படுத்துக்கொள்ளும், வெளியே குளிர், உள்ளே கதகதப்பு, இன்ஜின் தாலாட்டும். இவன் வழியில் ஒரு கடையில் ராஜ்மா சோறு இரண்டு தட்டு சாப்பிட்டான். அப்போதே பார்த்தேன் கண்ணை. சிவப்பு. குடியோ என்று கிட்டே போய் மூச்சைப் பிடித்துப் பார்த்தேன். குடியில்லை. புகை வாசம். விறகுப் புகை, பிசின் எரிந்த மாதிரி. சட்டைக் கையில் கரி. அப்புறம் ரமேஷ் சொன்னான், இந்தப் பக்கத்து மலை கிராமங்களுக்குத் தீபாவளி ஒரு மாதம் தள்ளித்தானாம். ராமர் ஊர் திரும்பிய சேதி மலைக்கு வந்து சேர ஒரு மாதம் ஆகிவிட்டதாம், சேதி வந்த நாளில் விளக்கேற்றினார்களாம், அப்படியே பழகிவிட்டார்களாம். நாச்சம்மாள் கன்னத்தில் கைவைத்துக் கேட்டாள். "பாவம், ஒரு மாசம் அவிய இருட்டுலயேவா இருந்தாங்க?" என்றாள். சேதி தெரியாதவனுக்கு இருட்டு தெரியாது, என்று நினைத்தேன். சொல்லவில்லை. இவன் ஊரில் நேற்று அந்தத் தீபாவளி. விடிய விடியக் கட்டை கட்டையாகப் பந்தம் கொளுத்தி வட்டம் போட்டு ஆடியிருக்கிறான். விடிந்ததும் முதலாளி போன் பண்ணி வண்டி எடு என்றிருக்கிறான். எடுத்துவிட்டான். நானும் எடுத்திருக்கிறேன். மாரியம்மன் நோன்பில் பூவோடு என்கிற தீச்சட்டி எடுத்துவிட்டு நேராக டிப்போவுக்குப் போன நாள் உண்டு. லீவு கேட்டால் அங்கே மேலதிகாரி மூஞ்சியைப் பார்ப்பான். எல்லா மலையிலும் முதலாளி ஒருத்தன்தான். இமை. இப்போது இரண்டும் சேர்ந்து. டயரில் ஜல்லி நொறுங்கும் சத்தம். என் பக்கம். ஓரத்து ஜல்லி.

கத்தக் கூடாது. அது மட்டும் கூடாது. தூங்கி விழுகிறவன் காதில் கத்தினால் அவன் கை எகிறும், எந்தப் பக்கம் எகிறும் என்று யாருக்கும் தெரியாது. காலையில் கத்தினேன். அப்போது இவன் தூங்கவில்லை, வளைவில் லாரி வந்தது, ஹாரன் அடிக்காமல் ஏறினான், "பிரேக்கைப் போடுறா" என்று நான் போட்ட சத்தத்தில் ஸ்டியரிங் ஆடிவிட்டது. லாரி அது பாட்டுக்குப் போனது. இவன் சரியாகத்தான் ஓட்டியிருக்கிறான், தப்பு என்னுடையது, இடம் இருந்தது, எனக்குத்தான் கண் முன்னைப் போல அளக்கவில்லை. ரமேஷ் வண்டியை நிறுத்தச் சொல்லி என்னைக் கீழே இறக்கி, டிரைவருக்குக் கேட்காத தூரத்துக்குக் கூட்டிப் போய், "அப்பா, கையெடுத்துக் கும்பிடறேன். இனி வண்டி விஷயத்துல நீங்க வாயத் தொறக்கவே கூடாது" என்றான். தொறக்கவில்லை. தொறக்காமல் இருப்பது எனக்குக் கஷ்டமா. நாச்சம்மாள் கேட்டால் சிரிப்பாள். இப்போது ரமேஷை எழுப்பலாம். திரும்பி முழங்காலைத் தட்டினால் போதும். எழுந்து என்ன செய்வான். முதலில் என்னை நம்ப மாட்டான். நம்பினால் இவனிடம் இந்தியில் சத்தம் போடுவான், அப்புறம் முதலாளிக்குப் போன் போடுவான், டிரைவர் தூங்குகிறான் என்று. ஒரே ஒரு போன். அதோடு இவன் பிழைப்பு போய்விடும். தூங்கினான் என்று பேர் வாங்கின டிரைவரை எவனும் சீட்டில் ஏற்றமாட்டான். சரி, பிழைப்பு போனால் போகட்டும், உயிர்? என் உயிர் கிடக்கட்டும். நாச்சம்மாள் உயிர். அடுத்த இமை இதைவிட நீளமாக விழுந்தால் எழுப்புகிறேன். அது என் கெடு. விழுந்தது. நீளமா? அதே அளவுதான் என்று தோன்றியது. தோன்றுகிறதா, தோன்ற வைத்துக்கொள்கிறேனா. நிறுத்தச் சொல்லவும் இடமில்லை. மேலேயிருந்து கல் உருளும் இடம், பலகையில் படம் போட்டு வைத்திருக்கிறான், இங்கே நிற்காதே என்று. அகலமும் இல்லை. சுண்டுவிரலைக் காட்டினேன், ஒண்ணுக்குப் போக வேண்டும் என்று. தலையாட்டினான். "ஆகே, பாபுஜி. ஆகே." முன்னால் என்கிறான். முன்னால் எங்கே. ஒரு வளைவு, அதற்கப்புறம் ஒரு வளைவு.

இருதயராஜ் இருந்தால் இந்நேரம் பேச ஆரம்பித்திருப்பான். என் கண்டக்டர். காய்ந்த வேப்பங்குச்சி மாதிரி இருப்பான், வாய் மட்டும் ஆனைக்கு இருக்கும். மத்தியானச் சிங்கிள் டிரிப்பில் ஆழியாறு தாண்டியதும் டிக்கெட் எல்லாம் கிழித்து முடித்துவிட்டு வந்து என் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். ஆரம்பித்துவிடுவான். "அண்ணே, எங்க மச்சினன் ஒருத்தன் இருக்கானே, அவன் ஆடு வாங்கின கதையச் சொன்னேனா?" ம் என்பேன். "சொல்லிட்டனா, சொல்லலையா?" ம். "ம்னா எந்த ம்? சொன்ன ம்மா, சொல்லாத ம்மா?" முன் சீட்டுக்காரர்கள் சிரிப்பார்கள். எனக்கு எரிச்சலாக வரும். ரோட்டைப் பார்க்க விடமாட்டேன் என்கிறானே என்று. கதையைப் பாதியில் நிறுத்துவான். "அப்புறம் என்னாச்சுன்னு கேளுங்கண்ணே." கேட்கமாட்டேன். கேட்காவிட்டால் சொல்லமாட்டான். அடுத்த வளைவு வரும், அதற்கடுத்த வளைவும் வரும், அந்த ஆடு பாதியில் நிற்கும், எனக்கே தாங்காமல் "சொல்லித் தொலை" என்பேன். அதுதான் அவனுக்கு வேண்டும். பதில் சொல்கிறவன் தூங்கமாட்டான். வெறும் சத்தத்தில் மனுஷன் தூங்குவான், பாட்டில் தூங்குவான், கேள்வியில் தூங்கமுடியாது. டிரைவருக்குப் பேச்சுக் கொடுப்பது என்று எங்களுக்குள் சொல்வோம். கண்டக்டர் வேலையில் அது எழுதியிருக்காது. டிக்கெட் கொடுப்பதைவிடப் பெரிய வேலை. அவன் செத்தபோது எஸ்டேட் கல்லறையில் ஃபாதர் ஜெபம் சொல்லிக்கொண்டிருக்க, எனக்கு மட்டும் அந்த ஆடு கடைசியில் என்ன ஆனது என்று யோசனை ஓடியது. அத்தனை தரம் சொன்னான். முடிவு ஞாபகமில்லை. எனக்குப் பேச வராது. எனக்கு ஒரு ம் தெரியும். நாச்சம்மாள் சொல்வாள், "உங்கள ஆண்டவன் ஒரே எழுத்துல எழுதிப்போட்டானுங்க." இப்போது பார், பின்னால் நிற்க வேண்டியவன் கல்லறையில் கிடக்கிறான், நான் கண்டக்டர் இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

"குந்தன்" என்றேன். மெதுவாக. எழுப்புகிற மாதிரி இல்லாமல், நடுப்பேச்சில் கூப்பிடுகிற மாதிரி. "ஜீ, பாபுஜி." வந்துவிட்டது கண். இனி? பாஷை இல்லை. ஒரு மரத்தைக் காட்டி என்ன என்று கையை விரித்தேன். "தேவ்தார்." தேவதாரு. சரி. ஓரமாகப் போன ஆட்டுக் கூட்டத்தைக் காட்டினேன். "பகரி." எதிர் மலையில் ஒட்டிக்கொண்டிருந்த ஊரைக் காட்டினேன், மர வீடுகள், கூரையில் ஏதோ மஞ்சளாகக் காயப் போட்டிருக்கிறார்கள். ஏதோ பேர் சொன்னான். "உன் ஊரா?" என்று அவன் நெஞ்சைக் காட்டினேன். "நஹீ, நஹீ" என்று சிரித்து, மலைக்குப் பின்னால், அதற்கும் பின்னால் என்று கையை வீசிக் காட்டினான். ஒரு கையை விட்டான். அது எனக்கு ஆகவில்லை, பிடி பிடி என்றேன். பிடித்தான். சட்டைப் பையிலிருந்து ஒரு அக்ரூட் கொட்டை எடுத்து என் மடியில் போட்டான். பண்டிகைக்கு ஊர்ப் பெரியவர்கள் மேலேயிருந்து அக்ரூட்டை வாரி இறைப்பார்களாம், கீழே நின்று ஆளுக்காள் பாய்ந்து பொறுக்குவார்களாம், காலையில் ரமேஷ் சொன்னான். ராத்திரி முழுக்க இருட்டில் பாய்ந்து பொறுக்கினதை எனக்கு ஒன்று கொடுக்கிறான். கையில் வைத்துக்கொண்டேன். சின்ன மூளை மாதிரி சுருங்கிக் கிடந்தது. அப்புறம் காட்ட ஒன்றுமில்லை. மரம் சொல்லியாகிவிட்டது, ஆடு சொல்லியாகிவிட்டது, ஆறு சொல்லியாகிவிட்டது. ஒரு சாண் உலகம், பேர் தீர்ந்துவிட்டது. பேச்சு நின்றது. நின்ற இடத்திலேயே இமை இறங்கியது, கடைக்காரன் ஷட்டரை இறக்குகிற மாதிரி, தலையும் கூடவே ஒரு பக்கம் சாய்ந்தது, வண்டி என் பக்கம் வந்தது. ஒரு முழம் மண் அரை முழமாகிவிட்டது. நான் வலது கையை நீட்டி ஸ்டியரிங்கின் கீழ்ப்பக்கத்தை இரண்டு விரலால் பிடித்தேன். இழுக்கவில்லை. மாட்டுக் கயிறைப் பிடிக்கிற மாதிரி பிடித்துச் சும்மா நேராக்கினேன். "குந்தன். கேளு சாமி. ஒரு சங்கதி சொல்றேன்." அவன் கண்ணைத் திறந்து என் விரலைப் பார்த்தான். வெட்கப்பட்டான். நான் விரலை எடுத்துக்கொண்டேன். இனி நிறுத்தக்கூடாது. எந்தப் பாஷையாக இருந்தால் என்ன, குரல் ஏறி இறங்க வேண்டும், கேள்வி வர வேண்டும், நிற்கக் கூடாது.

"எங்க ஊர்லயும் மலை இருக்குது, தெரியுமா?" ஹாங் என்றான், ஆமாவாம். என்ன புரிந்ததோ. "இதுல கால்வாசி உசரம்கூட வராது. ஆனா வளைவு பார்த்தேன்னா, ஊசியில நூல் கோக்கற மாதிரி. கோத்திருக்கியா? நான் கோத்தேன். தினம். தேயிலைக்காரங்க, பள்ளிக்கூடத்து டீச்சருக, கோழி, கருவாடு, எல்லாத்தையும் ஏத்திக்கிட்டு." ஹாங். "மஞ்சு இறங்கிருச்சுன்னா முன்னால உன் கை தெரியாது. ஆனை நிக்கும். லைட்ட அணைச்சுப்போட்டு நீயும் நிக்கணும். அது போடான்னு சொல்ற வரைக்கும். சிரிக்கிறியா? சிரி." சிரிக்கவில்லை அவன், வாய் மட்டும் அகன்றது, தூக்கத்தில் குழந்தைக்கு அகலுமே அப்படி. குரலை ஏற்றினேன். என்ன சொல்வது. ஆனை முடிந்தது. மஞ்சு முடிந்தது. எல்லோரும் அறிந்ததெல்லாம் இவ்வளவுதான், இதற்குப் பிறகு என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்று. அதை யாருக்கும் சொன்னதில்லை. இருதயராஜுக்குத் தெரியும், அவன் கூட இருந்தான். சொல்ல வேண்டுமா. இவனுக்குப் புரியாது. சுவரிடம் சொல்கிற மாதிரிதான். சுவரிடம்கூடச் சொன்னதில்லையே. வளைவு. திரும்பினான். நன்றாகத் திருப்பினான், கியர் மாற்றினது சுத்தம், இவன் தூங்காதபோது நல்ல டிரைவர். நேர் ரோடு வந்தது. நேர் ரோடுதான் ஆபத்து. இமை. சரி, சொல்லிவிட வேண்டியதுதான்.

"ஒரு நாள் பிரேக் போச்சு குந்தன். பிரேக்." அந்தச் சொல் புரிந்தது. திரும்பிப் பார்த்தான். "ரோட்டப் பாரு. இறக்கத்துல வர்றேன். அட்டகட்டிக்கு மேல. பஸ்ஸு ரொம்பி வழியுது. மிதிச்சேன், பெடலு தரை வரைக்கும் போயிருச்சு. திருப்பி மிதிச்சேன். ஒண்ணுமில்ல. சேத்துல கால் வெச்ச மாதிரி. என்ன பண்ணுவ நீ? சொல்லு, என்ன பண்ணுவ?" அவன் கியரைத் தொட்டுக் காட்டினான். தெரிந்திருக்கிறது! "அதேதான். செகண்டுக்குத் தட்டினேன், பஸ்ஸு கத்துது. ஃபஸ்ட்டுக்கு விழமாட்டேங்குது. இருதயராஜுக்குத் தெரிஞ்சுபோச்சு, என் முதுகப் பாத்தே. அவன் சனங்களப் பாத்துச் சொல்றான், யாரும் எந்திரிக்காதீங்க, அண்ணனுக்குத் தேயிலை வாசம் புடிக்கணுமாம், ஓரமா ஓட்டுறாருன்னு. சிரிக்கிறாங்க சனங்க. நான் மலைப் பக்கமாச் சாச்சேன். பக்கவாட்டுத் தகரம் பூரா மண்ணுல உரசுது. ஜன்னல் கம்பி பிய்யுது. ஓடையில சக்கரத்தை இறக்கினேன். நின்னுச்சு. யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஒரு கிழவிக்கு வெத்தலப் பொட்டி கொட்டிருச்சு, அது என்னைத் திட்டிக்கிட்டே பொறுக்குது. நான் இறங்கி அந்தப் பக்கம் போயி நின்னேன். காலு ரெண்டும் என் பேச்சக் கேக்கல. ஆடுது. இருதயராஜு வந்து முன்னால நின்னு மறைச்சுக்கிட்டான், சனங்க பாக்காம." நிறுத்தினேன். வாய் காய்ந்துவிட்டது. நிறுத்தினதும் அவன் தலை இறங்கியது. ஐயோ, விடமாட்டான். மிச்சக் கதையையும் வாங்காமல் விடமாட்டான்.

"பயம் குந்தன். அன்னிக்குப் புடிச்சது. மறுநாள் போச்சுன்னு நெனைக்கிறியா? போகல. ரிட்டையராகற வரைக்கும் போகல. காத்தால எந்திரிக்கறப்பவே வகுத்துல கல்லு மாதிரி இருக்கும். வளைவு ஒவ்வொண்ணும் தலைக்குள்ள வரும், எந்த எடத்துல எப்படித் திருப்பறதுன்னு. சோறு திங்கறப்பவும் திருப்பிக்கிட்டேதான் இருப்பேன். எங்கூட்டுக்காரி என்னமோ கேப்பா. ம்னுவேன். அவ கேட்டது என்னன்னே தெரியாது. கல்லக் கட்டிக்கிட்டேன்னு சொந்தக்காரங்ககிட்டச் சொல்லுவா. சொல்லட்டும். பயந்தாங்கொள்ளியக் கட்டிக்கிட்டேன்னு சொல்றதுக்கு அது தேவலை." ஆறு பெரிதாகத் தெரிகிறது, ரோடு இறங்குகிறது. ஒரு பாலம். பாலத்தில் துணிக்கொடிகள். குரல் என்னுடையதா என்று சந்தேகமாக இருக்கிறது, வேறு யாரோ எனக்குள் டிக்கெட் போட்டு ஏறின மாதிரி. பின்னால் ஒரு குறட்டைதான் கேட்கிறது, கனமானது. அதைக் கவனிக்க எனக்கு நேரமில்லை, இவன் இமையைக் கவனிக்க வேண்டும். "இன்னொண்ணு சொல்றேன் கேளு. எங்க பக்கம் வீட்ட விட்டுக் கெளம்பறப்போ போறேன்னு சொல்லமாட்டோம். போய்ட்டு வர்றேன்னு சொல்லணும். உங்க பக்கம் எப்படி?" ஹாங் பாபுஜி. "கல்யாணமான புதுசுல தினம் சொல்லுவேன். அவ சோத்துப் போசியத் தூக்கிக்கிட்டு வாசல்ல நிப்பா. போய்ட்டு வர்றேன்னு வாங்குவேன். அவளுக்கு அதுல ஒரு இது. பிரேக் போன அன்னிக்கும் சொல்லிட்டுத்தான் போனேன். அதுவும் அன்னிக்கு ரெண்டு தடவ சொன்னேன், வெளையாட்டுக்கு. அப்புறம் சொல்லல. ஏன்னு கேளு. கேளுடா." அவன் கேட்கவில்லை. ஆனால் முழித்திருந்தான். முழித்து, ரோட்டைப் பார்த்து, காது மட்டும் என் பக்கம். "சொன்ன அன்னிக்கு பிரேக் போச்சு. சொல்லாத நாளெல்லாம் போகல. அவ்வளவுதான். படிச்சவன் கேட்டாச் சிரிப்பான். என் மகன் கேட்டா டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போவான். வர்றேன்னு சொன்னா, அத எவனோ கேட்டுக்கிட்டு இருக்கான், பாக்கலாம்டா நீ எப்படி வர்றேன்னு சொல்றான்னு எனக்குப் பட்டுப்போச்சு. ஒரு நாள் அவ போசியக் குடுக்கல. சொன்னாத்தான் தருவேன்னு பின்னால ஒளிச்சு வெச்சுக்கிட்டா. சிரிச்சுக்கிட்டேதான் நின்னா. நான் அவ கையப் பாத்தேன். மூஞ்சியப் பாக்கல. வெறுங்கையோட போயிட்டேன். அதுக்கப்புறம் அவ கேக்கறத விட்டுட்டா. போசிய வாசப்படியில வெச்சுப்போட்டு உள்ள போயிருவா. நான் எடுத்துக்குவேன். தெனம் எடுக்கறப்போ மனசுக்குள்ள சொல்லுவேன். வாய்க்கு வராம, பல்லுக்குப் பின்னால. போய்ட்டு வர்றேன் நாச்சா, போய்ட்டு வர்றேன் நாச்சா. அட்டகட்டி தாண்டற வரைக்கும் சொல்லிக்கிட்டே ஓட்டுவேன்."

பாலம் தாண்டி ரோடு அகன்றது. ஒரு டீக்கடை, தகரக் கூரை, நேற்று எரிந்த பந்தங்களின் கரிக்கட்டைகள் ஓரமாகக் குவிந்து கிடந்தன. வண்டி நாலு நிறுத்தலாம். "சாய்" என்றேன். கையை ஸ்டியரிங் மேல் வைத்தேன், இந்த முறை ஐந்து விரலும். இது கேள்வி இல்லை என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. ஓரம் கட்டினான். கை பிரேக்கை இழுத்தான், கியரில் போட்டான், முறையாக, எல்லாவற்றையும் முறையாகச் செய்துவிட்டு நெற்றியை ஸ்டியரிங் மேல் வைத்தான். அவ்வளவுதான், போய்விட்டான். சட்டைப் பையில் அக்ரூட் புடைத்துக்கொண்டிருந்தது. தூங்கட்டும். ரமேஷ் எழுந்து கேட்டால் எனக்குக் கால் மரத்துவிட்டது, நான்தான் நிறுத்தச் சொன்னேன் என்று சொல்லிக்கொள்ளலாம். கிழவனுக்கு இவ்வளவு வசதி இருக்கிறது. இன்ஜின் அணைந்ததும் ஆறு கேட்டது. இத்தனை நேரமும் சத்தம் போட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. என் கால் இன்னும் பாயை அழுத்திக்கொண்டிருந்தது, எடுத்தேன். கையை விரித்தேன், அக்ரூட் வரி வரியாக உள்ளங்கையில் பதிந்திருந்தது.

"அப்புறமுங்க?"

பின்னாலிருந்து. நான் உடனே திரும்பவில்லை. ரமேஷின் குறட்டை அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. திரும்பினபோது நாச்சம்மாள் சால்வையை மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள். கண் மட்டும் தெரிந்தது.

"எப்ப முழிச்ச?"

"நீங்க பேச ஆரம்பிச்சதும் முழிச்சேன். யாரோ புதுசா வண்டியில ஏறிட்டாங்களாக்கும்னு பாத்தேன்."

"இவன் தூங்கிட்டிருந்தான். அதான் பேச்சுக் கொடுத்தேன்."

"தெரியுமுங்க. அந்தக் கண்ணாடியில அவன் மூஞ்சி எனக்கு நேராத்தான் தெரியுது. கண்ணு சொருவறத நானும்தான் பாத்துக்கிட்டே வந்தேன்."

எனக்குக் கோபம் வந்தது. "பாத்துட்டு? ரமேஷ எழுப்பறதுக்கென்ன? உருண்டிருந்தா?"

அவள் சால்வையை மூக்கிலிருந்து இறக்கினாள். கன்னம் நனைந்திருந்தது. துடைக்கவில்லை. "எழுப்பினா நீங்க பேச்ச நிறுத்திப்போட்டிருப்பீங்க" என்றாள்.

நான் அக்ரூட்டைப் பார்த்தேன். இதை எப்படி உடைப்பது. கல் வேண்டும், இல்லை கதவிடுக்கில் வைக்க வேண்டும். உருளட்டும் என்றல்லவா இருந்திருக்கிறாள். பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே, கண்ணாடியில் அவன் இமையைப் பார்த்துக்கொண்டே, ஒரு வார்த்தை பேசாமல், மூச்சை அடக்கிக்கொண்டு. எனக்கு ஒரு நாளும் இருந்ததில்லை அந்தத் தைரியம். அவள் கால் எதை அழுத்திக்கொண்டிருந்ததோ. அக்ரூட்டைப் பின்னால் நீட்டினேன். வாங்கிக்கொண்டாள். விரல் சில்லென்றிருந்தது. கேட்டாளே, அப்புறம் என்று. அப்புறம் ஒன்றுமில்லை, அவ்வளவுதான், முடிந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். பல்லுக்குப் பின்னால் வேறொன்று வந்து நின்றது, பழக்கம், அட்டகட்டி வரைக்கும் ஓடின பழக்கம். டீ வாங்கி வர வேண்டும். கதவைத் திறந்தேன். குளிர் முகத்தில் அறைந்தது. ஒரு காலைத் தரையில் வைத்துவிட்டு நின்றேன். இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை. கடை இதோ, கூப்பிட்டால் கேட்கும் தூரம். இந்த வயசில், இந்தத் தூரத்துக்கு. வாயைத் திறந்தேன். திறந்தது, வரவில்லை. வகுத்தில் கல். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள், என் கையை இல்லை, முகத்தை.

"சொல்லாண்டாமுங்க" என்றாள். "போங்க. எனக்குச் சக்கர கம்மியா."

போனேன்.